திரந்தின்யான் வெறும் அதிர்ஷ்டக்காரரா?

மொனாக்கோ கிராண்ட் பிரி கார்ப் பந்தயத்தை இரண்டு தடவை வென்ற ஒருவரை, 'மற்றவன் வண்டி நின்றதால் ஜெயித்தவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்துக்கொண்டு, மலையில் ஓடித் தேய்ந்த வண்டிகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. அதனால் இன்றைக்கு மொரிஸ் திரந்தின்யான் பற்றி.

பிரான்சின் தெற்கே திராட்சை பயிரிட்டு வைன் செய்யும் குடும்பம். 1917-இல் பிறந்தார், வீட்டில் கடைக்குட்டி. பந்தயப் பைத்தியம் முதலில் அண்ணன் லூயிக்குத்தான் இருந்தது. 1933-இல் பெரோன் என்ற ஊரில், பந்தயத்துக்கு முந்திய பயிற்சி ஓட்டத்திலேயே லூயி இறந்துபோனார். நம்முடைய பக்கமாக இருந்தால் அந்தக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தம்பியை ஸ்டியரிங் பக்கமே போகவிடாமல் சத்தியம் வாங்கியிருப்பார்கள். மொரிஸ் அண்ணனுடைய புகாட்டியைத் தேடி வாங்கி, 1938-இல் போ நகரத் தெருப் பந்தயத்தில் இறங்கினார். அடுத்த வருடம் பெல்ஜியத்தில் ஷிமே பந்தயத்தில் முதலிடம். அதோடு உலகப்போர் வந்துவிட்டது.

போர் முடியும் வரை புகாட்டி ஒரு களஞ்சியத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. 1945 செப்டம்பர் 9, பாரிஸ் நகரின் பூலோன் பூங்காக்காட்டில் போருக்குப் பிந்திய பந்தயம். திரந்தின்யானின் கார் திக்கித் திணறி நின்றுவிட்டது. பார்த்தால் எரிபொருள் வரும் வழியை எலிப் புழுக்கை அடைத்திருக்கிறது! கார் சும்மா கிடந்த வருடங்களில் எலிகள் உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கின்றன. சக ஓட்டுநர்கள் விடுவார்களா? அந்தப் புழுக்கையை வைத்தே அவருக்குப் 'பெத்தூலே' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். மனுசன் கோபப்படவில்லை. பிற்காலத்தில் தன் தோட்டத்து வைனுக்கே அந்தப் பெயரை வைத்து விற்றார்.

இந்தக் கதையைப் படித்தபோது நான் மட்டும் சிரிக்கவில்லை, கராஜில் வேலை செய்யும் பையன்களும் சிரித்தார்கள். 2022-இல் பெட்ரோல், டீசல் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்திய வாகனங்கள், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகு ஒவ்வொன்றாக எங்களிடம்தான் வந்தன. பொனட்டைத் தூக்கினால் எயார் ஃபில்டருக்குள் எலிக் கூடு, பாதி வயர் கடித்துத் துப்பியபடி. ஒரு வேனில் தேயிலைத்தூள் பைக் கிழிசலை இழுத்துவந்து மெத்தையே போட்டிருந்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 1948-இல் சுவிட்சர்லாந்தின் பிரெம்கார்ட்டன் சுற்றில் திரந்தின்யான் மோசமாக விபத்துக்குள்ளானார். அதே வார இறுதியில் அங்கே அகில்லே வார்சி என்ற இத்தாலிய மேதை இறந்தார், கிறிஸ்டியன் கவுட்ஸும் இறந்தார். திரந்தின்யான் நாள்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து எழுந்தார். எழுந்தவர் திரும்பவும் காரில் ஏறினார். 1950-இல் ஓட்டுநர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கிய வருடமே மொனாக்கோவில் கோர்தினி காரோடு இறங்கினார். பணமில்லாத அணி அது, கார் முடிவுக்கோட்டைத் தொடுவதே பெரிய பாடு.

ஃபெராரிக்குப் போன பிறகுதான் கை ஓங்கியது. 1954 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அர்ஜென்டினாவின் கொன்சாலஸோடு சேர்ந்து வென்றார். கொட்டும் மழை. கடைசி நிறுத்தத்தில் ஈரம் பிடித்து என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. பின்னால் ஜாகுவார் துரத்திக்கொண்டு வந்தது. 24 மணி நேரம் ஓடி, கடைசியில் ஒரு சுற்றுக்கும் குறைவான இடைவெளியில் தப்பினார்கள். மழையில் நனைந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துத் துடைத்து ஸ்டார்ட் பண்ணியவர்களுக்கு அந்த நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

அடுத்தது 1955 மே 22, மொனாக்கோ. வழக்கே இங்கேதான். திரந்தின்யான் புறப்பட்டது ஒன்பதாவது இடத்திலிருந்து. முன்னால் மெர்சிடிஸில் ஃபாஞ்சியோவும் மாஸும். பாதித் தூரத்தில் ஃபாஞ்சியோ கார் படுத்தது. பெரிய இடைவெளியில் முன்னால் போய்க்கொண்டிருந்த மாஸின் என்ஜின் எண்பதாவது சுற்றுப் பக்கம் புகை கக்கியது. அடுத்து முதலிடத்துக்கு வரவேண்டிய அஸ்காரி, லான்சியா காரோடு துறைமுகத்துக் கடலுக்குள்ளேயே பாய்ந்துவிட்டார். (நீந்திக் கரையேறினார். நான்கு நாள் கழித்து மொன்சாவில் வேறொரு காரை ஓட்டிப் பார்க்கும்போது இறந்தார்.) பழைய ஃபெராரி 625-ஐ ஓட்டிய திரந்தின்யான்தான் கடைசியில் முதலாவது. உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரியை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் இவர்.

என் மச்சான் வருடா வருடம் ஏப்ரலில் நுவரெலியாவுக்கு மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்க வருகிறவர். இதைச் சொன்னால், "முன்னுக்குப் போன மூணு பேரும் விழுந்தா, நானும்தான் மச்சான் ஜெயிப்பேன்" என்பார். மலையேற்றப் பந்தயம் சீக்கிரம் முடிந்துவிடும், என்ஜினை உரித்து எடுத்தாலும் வண்டி தாங்கும். மொனாக்கோ அன்றைக்கு 100 சுற்று, கிட்டத்தட்ட 3 மணி நேரம். கசினோ மேட்டுக்கு ஏறு, ஸ்டேஷன் வளைவுக்கு இறங்கு, சுரங்கம், துறைமுகம், திரும்பவும் ஏறு. டிரம் பிரேக், கையால் மாற்றுகிற கியர். அந்த இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் பிரேக்கைப் போட்டு நசுக்குகிறவனுக்கு ஐம்பதாவது சுற்றில் பெடல் மட்டும்தான் மிஞ்சும்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்கு இறங்கும்போது என்னையும் முன்னால் உட்காரவைப்பார். "எறக்கத்துல பிரேக்க நம்பாத தம்பி, கியர நம்பு. ஏறுன கியர்லயே எறங்கு" என்பார். நானுஓயாவில் ரதெல்ல குறுக்கு வீதியில் கனரக வாகனம் போகக்கூடாது என்று தடை போட்டிருப்பது எதற்காக? பிரேக் சூடேறி விட்டுப்போன வண்டிகள் எத்தனை எங்கள் பக்கத்தில்! ஒரு வண்டி முழுசாக வந்து சேர்வதும் ஓட்டுகிறவனின் காலிலும் கையிலும்தான் இருக்கிறது. அதை அதிர்ஷ்டம் என்றால் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

அதுவும் ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். 1958-இல் அதே மொனாக்கோ. இந்தத் தடவை ராப் வாக்கர் என்ற தனி ஆளின் கூப்பர், என்ஜின் டிரைவருக்குப் பின்னால், அதுவும் மற்றவர்களுடையதைவிடச் சிறியது. மாஸ், ஹாதார்ன், பெரா எல்லோரும் முன்னால் ஓடிப் படுத்தார்கள். திரும்பவும் திரந்தின்யான். ழான் பெராவை நானும் ரசிப்பேன். விபத்தில் ஒரு காதையே இழந்தும் பாய்ந்து பாய்ந்து ஓட்டியவர், பார்க்க அவர்தான் அழகு. ஆனால் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி ஒன்றைக்கூட அவர் வென்றதில்லை. 1959-இல் பெர்லினில் இறந்துபோனார்.

திரந்தின்யான் 2005 வரை இருந்தார். நீம் நகருக்குப் பக்கத்தில் வெர்ழேஸ் என்ற ஊரில் வைன் தோட்டம், அங்கேயே மேயராகவும் இருந்தார். பெரியே தண்ணீர் போத்தல் வருகிற ஊர் அது. நடிகர் ழான் லூயி திரந்தின்யான் இவருடைய அண்ணன் மகன், உலகத்துக்கு இப்போது தெரிந்த திரந்தின்யான் அவர்தான்.

மச்சானுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். 1964 ஜெர்மன் கிராண்ட் பிரி. திரந்தின்யானுக்கு வயது 46, சொந்தமாக வைத்திருந்த பிஆர்எம் கார். கடைசிச் சுற்றை ஓடாமலே பெட்டரி செத்து நின்றுவிட்டார். முன்னால் போனவர்கள் பாதிப் பேர் அதற்கு முன்னமே நின்றிருந்ததால், நின்ற வண்டிக்கு ஐந்தாம் இடமும் இரண்டு புள்ளியும்! "இதுக்கு எந்த கியர்ல எறங்கினாராம்?" என்று கேட்டார் மச்சான். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.