குறைத்துக்கொள் என்று யார் சொல்வது?

போன மாதம் ஒரு திட்ட அறிக்கை கையில் சிக்கியது. காலநிலை மாற்றத்துக்கு ஏற்றபடி நீர்ப் பங்கீட்டையும் விவசாயத்தையும் எப்படி மாற்றிக்கொள்வது, அதற்கு யார் யார் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது பற்றியது. நடுவில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம். வட்டங்களும் அம்புகளும். நீர்வளத் துறை, வேளாண் துறை, வானிலை மையம், மின்சாரத் துறை, பல்கலைக்கழகம், வங்கி, பயிர்க் காப்பீட்டு நிறுவனம், நிதி கொடுப்பவர்கள், தொண்டு நிறுவனங்கள், இவர்களையெல்லாம் 'ஒருங்கிணைக்க' ஒரு குழு, அந்தக் குழுவுக்கு வழிகாட்ட இன்னொரு குழு. வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தேன், 31 வட்டம். விவசாயி எங்கே என்று தேடினேன். வலது கீழ் மூலையில் 'பயனாளிகள்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தார். அவரை நோக்கி நாலு அம்பு வருகிறது, அவரிடமிருந்து ஒன்றுகூடக் கிளம்பவில்லை. வரைந்தவர் மறந்திருப்பார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினால் அடுத்த படத்திலும் அதே கதை.

வலைப்பின்னலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழை மூன்று வாரம் தள்ளிப்போகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் தெரிவது வானிலை மையத்துக்கு. அணையின் ஷட்டரைத் திறக்கும் தேதி பொறியாளர் கையில். எந்த ரக விதை கிடங்கில் இருக்க வேண்டும் என்பது வேளாண் துறையின் கவலை, பம்புக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்பது வேறொரு அலுவலகம், கடன் தவணை எந்த மாதம் விழும் என்பது வங்கி. ஐந்து பேரும் அவரவர் வேலையை ஒரு குறையும் இல்லாமல் பழைய தேதிப்படியே செய்து முடித்தால், ஒருவர்மீதும் தப்பு சொல்ல முடியாத ஒரு சாகுபடி நஷ்டம் தயார். உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நன்னீரில் 70 சதவீதத்துக்கு அருகில் விவசாயத்துக்குத்தான் போகிறது. அப்படியிருக்க நீரை ஒரு கட்டடத்திலும் பயிரை இன்னொரு கட்டடத்திலும் நிர்வகிப்பது எப்படிச் சரிவரும்?

சரி, சேர்ந்து உட்காரலாம். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. பெரும்பாலும் தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள், அதில் யாருக்கும் கைக்காசு போவதில்லை, அதனால் கூட்டம் சுமுகமாக முடிகிறது. வறட்சி வந்து, இந்த முறை இருக்கிற தண்ணீர் எல்லாருக்கும் பத்தாது, யாரோ சிலர் குறைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற நாள் வரும்போதுதான் அந்த 31 வட்டத்தில் எந்த வட்டம் வாயைத் திறக்கும் என்று தெரியும். பல இடங்களில் ஒன்றும் திறப்பதில்லை, தலைமடைக்காரர் எப்போதும்போல எடுத்துக்கொள்வார், கடைமடைக்குப் புழுதி போய்ச் சேரும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே மாநிலத்துக்குள் தோற்ற கதையும் ஜெயித்த கதையும் இருப்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்த உதாரணம். அங்கே மேற்குப் பகுதி விவசாயம் ஓகல்லாலா என்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்தை உறிஞ்சி நடக்கிறது. வயலின் நடுவில் ஊன்றி, கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் நீளமான குழாய்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயரத்திலிருந்து தெளித்தால் காற்றிலும் வெயிலிலும் வீணாகிறதே என்று, தெளிப்பான்களைப் பயிருக்குப் பக்கத்தில் தொங்கவிடும் முறைக்கு மாற அரசு மானியம் கொடுத்தது. நல்ல எண்ணம்தான், தொழில்நுட்பமும் சொன்னபடியே வேலை செய்தது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மாறிய பிறகு நிலத்தடியிலிருந்து எடுத்த தண்ணீர் குறையவில்லை, கூடியிருக்கிறது! ஒரு சுற்றுக்குக் குறைவான தண்ணீர் போதும் என்றானதும் விவசாயிகள் மக்காச்சோளம் மாதிரி தாகம் அதிகமுள்ள பயிருக்குப் போனார்கள், பாசனப் பரப்பையும் கொஞ்சம் கூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இது கான்சாஸோடு முடிகிற விஷயமும் இல்லை. வயலில் 'வீணாகும்' தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி இன்னொருவர் கிணற்றுக்கோ, வழிந்து கீழே உள்ள வாய்க்காலுக்கோதான் போய்க்கொண்டிருந்தது. சொட்டு நீர்ப் பாசனம் போட்டவர் அதை மிச்சம் பிடித்து இன்னும் இரண்டு ஏக்கருக்குப் பாய்ச்சினால், பயிர்த் துறையின் ஏட்டில் சேமிப்பு என்று பதிவாகும், ஆற்றுப் படுகையின் மொத்தக் கணக்கில் பற்று விழும். இந்த முரணைப் பற்றி 2018இல் சயன்ஸ் இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். இரண்டு ஏட்டையும் ஒரே மேஜையில் திறந்து வைக்க ஆள் இல்லாத இடத்தில் மானியம் கொடுப்பது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொட்டியைப் பெரிதாக்குகிற வேலை.

இப்போது அதே கான்சாஸின் வடமேற்கு மூலைக்கு வாருங்கள். ஷெரிடன் 6 என்று ஒரு பகுதி, சுமார் 99 சதுர மைல், நீர்மட்டம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்த இடம். அங்கே உள்ள விவசாயிகள் பலமுறை கூடிப் பேசி, நாமே 20 சதவீதம் குறைத்துக்கொள்வோம் என்று முடிவுக்கு வந்தார்கள். வெறும் வாய்வார்த்தையாக விடவில்லை. 2012இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நிலத்தடி நீரை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு ('நீர் மாவட்டம்' என்பார்கள்) திட்டம் தீட்டிக் கொடுக்கலாம், மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் விசாரணை நடத்தி அதை உத்தரவாக்கலாம், உத்தரவான பிறகு அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். 2013இலிருந்து 2017வரை ஐந்து வருடத்துக்கு ஏக்கருக்கு 55 அங்குலம், அதாவது வயலில் அத்தனை உயரத்துக்கு நிற்கிற அளவு தண்ணீர், என்று நிர்ணயித்தார்கள்.

அந்த 55 அங்குலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், எனக்கு மொத்தச் சூட்சுமமும் அதில்தான் இருப்பதாகப் படுகிறது. வருடத்துக்கு 11 அங்குலம் என்று அவர்கள் போடவில்லை, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் போட்டார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் மிச்சம் கணக்கில் கிடக்கும், காய்ந்த வருடம் 14 எடுக்கலாம். மழை எப்போது பொய்க்கும் என்று சொல்ல முடியாத காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, அந்த மாநிலத்தில் பாசனக் கிணறுகளுக்கு மீட்டர் ஏற்கெனவே உண்டு, வருடா வருடம் எவ்வளவு எடுத்தோம் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பக்கத்து வயல்காரர் ஏமாற்றுவாரோ என்ற சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. நீர்மட்டத்தை அளக்க மாநில நிலவியல் ஆய்வகம், வரவு செலவைப் பார்க்கப் பல்கலைக்கழகம். ஆக மொத்தம் நாலைந்து வட்டம்தான், ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வேலை.

நடந்தது என்ன? 20 சதவீத இலக்கைத் தாண்டியே குறைத்தார்கள். சிலர் மக்காச்சோளத்தைக் குறைத்துச் சோளத்துக்கும் கோதுமைக்கும் போனார்கள், விளைச்சல் சற்று இறங்கியது, செலவும் கூடவே இறங்கியதால் லாபத்தில் பெரிய அடி விழவில்லை. முடிந்ததும் அடுத்த ஐந்து வருடத்துக்கு நீட்டித்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீர்மட்டம் இறங்கும் வேகம்தான் குறைந்திருக்கிறது, தேக்கம் நிரம்பிவிடவில்லை, அந்த நிலத்தடியில் நீர் ஊறுவது அவ்வளவு மெதுவாக.

விவசாயிகளிடம் விட்டால் போதும், அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு ஓடுபவர்கள் உண்டு. எலினோர் ஆஸ்ட்ரம் பெயரையும் துணைக்கு இழுப்பார்கள். 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண், பொதுச் சொத்துகளை மக்களே கட்டிக்காக்க முடியும் என்று காட்டியவர். ஆனால் 1965இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றி என்று பார்த்தால் சுவாரசியம். லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்த கதை. இறைப்பவர்கள் சங்கம் அமைத்துப் பேசினார்கள், அதோடு நீதிமன்றத்துக்கும் போனார்கள், தங்களுக்குள் ஒத்துக்கொண்ட அளவை நீதிமன்ற ஆணையாக்கிக்கொண்டார்கள், புதிய நீர் மாவட்டங்களை உருவாக்கினார்கள். உள்ளூர்ப் பேச்சும் மேலே உள்ள அதிகாரமும் அங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஆஸ்ட்ரம் பெயரைச் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பாலித் தீவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே சுபாக் என்ற பாசனக் குழுக்கள் உண்டு. மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்கள், எந்தச் சரிவு எப்போது நடவேண்டும், எப்போது தரிசாகக் கிடக்க வேண்டும் என்பதை நீர்க்கோயில்களைச் சுற்றிக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் முறையெல்லாம் எதற்கு, புது ரகத்தை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை நடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நட்டார்கள். தண்ணீருக்கு அடிதடி ஒரு பக்கம், வயலெங்கும் புகையான் என்ற நெற்பூச்சி இன்னொரு பக்கம். ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இந்தப் பாசன முறையைக் கணினியில் மாதிரியாக உருவாக்கிப் பார்த்தார். கோயில்கள் சொன்ன ஒழுங்குதான் தண்ணீரையும் பூச்சியையும் ஒன்றாகச் சமாளித்திருக்கிறது. ஒரு பெரும்பரப்பு முழுக்க ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தின்ன எதுவும் இல்லை, செத்துப்போகும். ஆளுக்கொரு தேதியில் நட்டால் அதற்கு வருடம் முழுக்க விருந்து.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தலைமடைக்காரர் எதற்காகக் கடைமடைக்குத் தண்ணீர் விட வேண்டும்? நல்ல மனசு என்று சொல்வோம், ஆனால் நல்ல மனசை நம்பி விதி எழுத முடியாது. பாலியில் தண்ணீர்ச் சாவி மேலே இருப்பவரிடம், பூச்சிச் சாவி கீழே இருப்பவரிடம். தண்ணீர் விடாவிட்டால் கீழே நடவு தள்ளிப்போகும், தள்ளிப்போன நடவிலிருந்து புகையான் கிளம்பி மேலே ஏறும். ஒருவருக்கு ஒருவர் வேண்டியிருக்கிறார்கள், அதனால் பேசுகிறார்கள். அதிகாரிகள் இந்த முடிச்சைப் பார்க்கவே இல்லை. பாசனம் ஒரு திட்டத்தில், பூச்சி மருந்து இன்னொரு திட்டத்தில் இருந்ததால், எந்தக் கோப்பிலும் இரண்டும் சேர்ந்து வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் முர்ரே-டார்லிங் படுகையில் எல்லாமே இருந்தது, 2007இல் சட்டம், தனி ஆணையம், அறிவியல், பணம். கடுமையான வறட்சிக்கு நடுவில் தொடங்கிய வேலை. 2010 அக்டோபரில் திட்ட முன்வரைவு வெளியானது, ஆற்றுக்குத் திருப்ப வேண்டிய தண்ணீர் இத்தனை என்று எண்களோடு. கிரிஃபித் என்ற பாசன ஊரில் அந்தப் புத்தகத்தைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். கணக்கு தப்பா என்றால், ஆற்றின் நிலைமைக்கு அது போதாது என்று சொன்ன விஞ்ஞானிகளும் இருந்தார்கள்! குறைக்க வேண்டியவர் அந்த எண்ணை முதல்முதலாகப் பார்த்ததே அச்சில்தான், அதுதான் வினை. ஷெரிடனில் 20 சதவீதம் உள்ளூரிலிருந்து மேலே போனது, இங்கே எண் மேலேயிருந்து கீழே விழுந்தது. பிறகு 2012இல் குறைந்த அளவோடு திட்டம் நிறைவேறியது, இழுபறி இன்னும் ஓயவில்லை.

எண் என்றதும் அமெரிக்காவின் கொலராடோ ஆறு ஞாபகம் வருகிறது. 1922இல் மேல்படுகை மாநிலங்களுக்கு வருடம் 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று எழுதிவைத்தார்கள். அப்போது அளந்த வருடங்கள் வழக்கத்துக்கு மீறி ஈரமானவை. இப்போது, 2000க்குப் பிறகான சராசரியே சுமார் 1.2 கோடிதான், அதிலிருந்துதான் மெக்ஸிகோவுக்கும் கொடுக்க வேண்டும். வருகிற நீரில் இத்தனை பங்கு என்று எழுதியிருந்தால் ஆறு இளைக்கும்போது பங்கும் தானாக இளைத்திருக்கும். அளவாக எழுதியதால் ஆற்றில் இல்லாத தண்ணீருக்குக் காகிதத்தில் உரிமை இருக்கிறது. அந்த மேஜையில் பழங்குடி மக்களுக்கு நாற்காலியே போடவில்லை, அதன் பாக்கியை இன்றுவரை வழக்குகளிலும் ஒப்பந்தங்களிலும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இனி யாராவது இப்படி ஒரு படத்தை நீட்டினால், அம்புகளை எண்ணப் போவதில்லை. கடைசியாக வறட்சி வந்த வருடத்தின் கூட்டக் குறிப்பை மட்டும் கேட்கப் போகிறேன். யார் எவ்வளவு குறைத்துக்கொண்டார்கள், அதை யார் அளந்தார்கள், மீறியவருக்கு என்ன ஆனது? குறிப்பே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்பெயினின் வலென்சியாவில் இந்தக் கேள்வியை வாரா வாரம் தெருவிலேயே கேட்கிறார்கள். வியாழக்கிழமை மதியம் 12 மணிக்குத் தேவாலயத்தின் வாசலில் நீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களிலிருந்து விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். எல்லாம் வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. பல நூற்றாண்டுப் பழக்கம், 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, இந்த வாய்க்காலில் புகார் உண்டா என்று கேட்பார். பெரும்பாலான வாரங்களில் யாரும் முன்னே வருவதில்லை. எட்டுப் பெயரும் கூப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள், வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் கேமராவைச் சரிசெய்து முடிப்பதற்குள்.