மாருதி 800ல பிளக் மாத்தப்போயி வயர்ல வந்து நின்ன கதை

அப்பாவோட 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வெயில் அடிச்சா ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை நாலு நாள் சேந்தாப்ல புடிச்சதும் காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரு கால் நொண்டுத மாதிரி ஐடிலிங் (நின்ன எடத்துல இஞ்சின் ஓடுதது), திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு பாலம் ஏறுதப்ப மூணாவது கியர்ல இழுக்கவே இல்ல, பின்னாடி பஸ்காரன் ஹாரன்லயே கையை வச்சிட்டு வாரான்.

பெட்ரோல பத்த வைக்க பொறி விடுத ஸ்பார்க் பிளக் போயிருச்சுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். கடைசியா எப்ப மாத்துனோம்னு அப்பாக்கும் ஞாபகம் இல்ல. சனிக்கிழமை வண்ணார்பேட்டைல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போனேன், கடைக்காரர் எடுத்த எடுப்புலேயே இரிடியம் பிளக்க நீட்டுதாரு. இரிடியம் நல்ல சாமான்தான், நடு எலக்ட்ரோடு ஊசி மாதிரி இருக்கும், கம்மி வோல்டேஜ்லயே பொறி விடும், ரொம்ப நாளும் உழைக்கும். ஆனா மாசத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடுத வண்டிக்கு அது எதுக்கு, அந்த காசுக்கு சாதா நிக்கல் பிளக் ரெண்டு மூணு தடவ மாத்திரலாம். வண்டில இருந்த என்.ஜி.கே. பி.பி.ஆர்.5.இ.எஸ். நம்பரையே கேட்டு வாங்குனேன்.

அந்த நம்பர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. பி-ன்னா 14 மில்லிமீட்டர் மரை, அடுத்த பி-ன்னா பீங்கான் மூக்கு கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும், ஆர்-னா உள்ள ரேடியோ இரைச்சல அடக்குத ரெசிஸ்டர், இ-ன்னா மரை நீளம் 19 மில்லிமீட்டர். நடுவுல கெடக்க 5-தான் ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் சூட்ட எவ்வளவு வேகமா வெளிய கடத்தும்னு சொல்லுத நம்பர். நம்ம ஊர் வெயிலுக்கு 6 போட்டா கூலா இருக்கும்லான்னு எனக்கும் ஒரு ஆசை வந்துச்சு, என்.ஜி.கே-ல நம்பர் ஏற ஏற கூல் பிளக். (பாஷ் பிளக்ல அப்படியே தலைகீழ், நம்பர் ஏறுனா ஹாட். இதுல ஏமாந்தவங்க நெறைய பேரு.) ஆனா அந்த சூடு இஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியுத கம்பஸ்டன் சேம்பர் சூடு, பாளையங்கோட்டை வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. பிளக் நுனி 450 டிகிரி தாண்டுனாதான் தன் மேல படியுத கரிய தானே எரிக்கும், கடைக்கும் கோயிலுக்கும் போயிட்டு வார வண்டில கூல் பிளக் போட்டா அந்த சூட்டுக்கே வராது, கரி புடிச்சு சவம் திரும்பவும் மிஸ் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டர் வெடிக்காம போயிரும். 5-லயே நின்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல இஞ்சின் நல்லா ஆறி கெடக்கும்போது சைக்கிள் பம்ப வச்சு பிளக் குழிய சுத்தி ஊதிட்டு கழட்டுனேன். ஊதாம கழட்டுனா அங்கன கெடக்க மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள போயிரும். முதல் ரெண்டு பிளக்கும் பால் கூடுன டீ கலர்ல அம்சமா இருந்துச்சு. மூணாவது மட்டும் கன்னங்கரேல்னு ஈரமா பெட்ரோல் நாத்தம். இங்கனதான் நான் கூறுகெட்டத்தனம் பண்ணேன். பிளக்தான் போயிருக்கதே, அதான் கருப்புன்னு டப்பால போட்டு மூடிட்டேன். அத எடுத்து ஒண்ணாம் நம்பர் சிலிண்டர்ல மாட்டி பாத்திருந்தா, மிஸ் அதுகூடவே ஒண்ணுக்கு போகுதா இல்ல மூணுலயே நிக்குதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

புதுசு மூணுக்கும் ஃபீலர் கேஜ்னு சொல்லுத அளவு தகட்ட விட்டு 0.75 மில்லிமீட்டர் கேப் (ரெண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) வச்சேன், கேப் குறைக்க சைடு எலக்ட்ரோட மட்டும்தான் பைய தட்டணும், நடுவுல கை வைக்கப்படாது. பழசுல எல்லாம் 1 மில்லிமீட்டர் தாண்டி தேஞ்சிருந்துச்சு. பிளக் ஏறுத சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை கோணலா ஏறிச்சுன்னா செலவு ஹெட்டோட போவும், அதனால பழைய பெட்ரோல் டியூப் ஒரு சாண் வெட்டி பிளக் தலைல சொருகி விரலாலயே சுத்தி ஏத்துனேன், கோணலா போனா டியூப் வழுக்கிரும். கையால இறுகுன பொறவு ஸ்பேனர்ல அர சுத்து, அதுக்கு கொஞ்சோல மேல, அவ்வளவுதான்.

ரெண்டு நாள் வண்டி பட்டு மாதிரி ஓடுச்சு. புதன்கிழமை மழை, திரும்பவும் நொண்டி.

எதிர்த்த வீட்டு அண்ணாச்சி மேலப்பாளையத்துல ஒர்க் ஷாப் வச்சிருந்தவரு. விஷயத்த சொன்னதும் சிரிச்சிட்டு, "பிளக்கு என்னவே செய்யும், கரண்டு வந்தாத்தான பொறி வரும். ராத்திரி லைட்ட அணைச்சிட்டு வயர்ல தண்ணிய தெளிச்சு பாரும்"ன்னாவ. அதே மாதிரி எட்டு மணிக்கு மேல போர்ட்டிகோ லைட்ட அணைச்சிட்டு, துணி தேய்க்கதுக்கு வச்சிருக்க ஸ்ப்ரே பாட்டில்ல லேசா தெளிச்சேன். மூணாம் நம்பர் பிளக்குக்கு கரண்டு கொண்டு போற வயர் ஹெட்டோட ஒரசுத எடத்துல நீல கலர்ல பொறி நெளியுது, டிக் டிக்னு சத்தம் வேற. "ஏல, ஈரத்துல என்னல பண்ணுத"ன்னு அம்மா உள்ளேர்ந்து சத்தம் போடுதாவ. அவங்க பயமும் நியாயம்தான், அது ஆயிரக்கணக்கான வோல்ட், ஓடுத இஞ்சின்ல வயர தொடவே கூடாது.

காலைல கழட்டி மல்டிமீட்டர் வச்சேன். செப்பு கம்பிக்கு பதிலா உள்ள கார்பன் இழை வச்ச கார்பன் வயர்னா சாதாரணமா மீட்டருக்கு 10லேர்ந்து 20 கிலோ ஓம் இருக்கும், நம்ம வயர் அர மீட்டர்கூட வராது. முதல் ரெண்டும் 6, 7 கிலோ ஓம். மூணாவது 38, வளைச்சா ஓ.எல்.னு (அளக்க முடியல, தொடர்பு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்) காட்டிட்டு திரும்பி வருது. உள்ள கார்பனும் விட்டுப்போச்சு, வெளிய ரப்பரும் வெடிச்சு கெடக்கு. அப்ப ரெண்டு நாள் எப்படி நல்லா ஓடுச்சுன்னு யோசிச்சேன். பழைய பிளக்ல கேப் அகலம், தாண்ட கூட வோல்டேஜ் வேணும், புதுசுல கேப் சின்னது, அந்த நோஞ்சான் வயரே சமாளிச்சிருச்சு. ஈரம் பட்டதும் கரண்டு பிளக் வரைக்கும் வராம வழியிலயே ஹெட்ல எர்த் ஆயிருச்சு.

வயர் வாங்கப் போனா செப்பு கம்பி வச்சது வெல கம்மின்னாங்க. பொறி நல்லாத்தான் வரும், ஆனா ரேடியோ இரைச்சல் தாங்காது, அப்பா இன்னும் திருநெல்வேலி வானொலி கேக்க மனுஷன். சிலிகான் ஒற போட்ட கார்பன் வயர் செட்டே வாங்குனேன், பிளக்குக்கு மூணு, வோல்டேஜ ஏத்தி விடுத காயில்லேர்ந்து, அத ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு பிரிச்சு விடுத டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒண்ணு.

ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டணும், அதான் சட்டம். நான் ஒண்ணாம் நம்பர முடிச்சிட்டு, போன் வந்த அவசரத்துல மீதி ரெண்டையும் ஒண்ணா உருவிட்டேன். திரும்பி வந்து மாட்டுனது மாறிப்போச்சு. இதோட ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் வெடிக்குத வரிசை, 1-3-2, ரெண்ட மாத்துனா ஒண்ணு மட்டும்தான் ஒழுங்கா வெடிக்கும், சாவிய திருப்புனதும் கார்புரேட்டர் வழியா படார்னு ஒரு சத்தம், பக்கத்து வீட்டு கோழி செவுரு தாண்டி போயிருச்சு. மாத்தி சொருகுனதும் அந்தாக்ல புடிச்சிருச்சு.

நேத்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியா பாபநாசம் வர போயிட்டு வந்தேன். வீரவநல்லூர் தாண்டி கொட்டுன மழைல ஒரு தடவகூட மிஸ் அடிக்கல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள அலுமினிய முனைல வெள்ளையா பூத்து கெடந்தத சொரண்டிதான் விட்டிருக்கேன், புது மூடியும் அதுக்குள்ள சுத்துத ரோட்டரும் கடைல சொல்லி வச்சாச்சு, வந்ததும் மாட்டணும். கோழிக்காரம்மா இன்னும் முகம் குடுத்து பேசல.