உத்திரத்தின் கடைசி ஒரு முழம்

புரட்டாசி 27
பட்டாசல் (வீட்டுக் கூடம்) உத்திரத்துக்குக் கீழே விரித்த பேப்பரில் இன்றைக்கும் கசகசா மாதிரி. நேற்றுத்தான் கூட்டி அள்ளிய இடம்.

புரட்டாசி 28
மாவு மாதிரி விரலில் படிந்தால் வண்டு. இது உருளுகிறது, லென்ஸில் ஆறு பட்டை தெரிகிறது. உலர்மரக் கரையானின் எச்சம். அதற்கு மண்ணும் வேண்டாம், புற்றும் வேண்டாம், மரத்துக்குள்ளேயே குடித்தனம். தரையில் மருந்து ஊற்றிப் பிரயோஜனமில்லை.

புரட்டாசி 30
தட்டிப் பார்த்ததில் சுவரிலிருந்து ஒரு முழம் வரை பொத்தென்கிறது, அதற்கப்புறம் கணீர். அயினி மரம். மேல்விளிம்பில் வைரம் பாயாத வெள்ளை; கரையான் அங்கே. சுவர்ப்பக்கம் உளுப்பு. முன்பு ரிப்பேர் பார்த்தவர்கள் உத்திரத்தின் தலையைச் சுற்றிச் சிமெண்ட் அப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், சிமெண்ட் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமானியில் 24 சதவீதம். இருபதைத் தாண்டினாலே ஆபத்து.

ஐப்பசி 2
மழை. மச்சில் ஏறவில்லை.

ஐப்பசி 5
பத்மநாபபுரம் அரண்மனை. திங்களன்று வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் உண்டாம். இருப்பது குமரி மாவட்டம், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. 1795 வரை திருவிதாங்கூர் தலைநகர். செருப்பை வெளியே விட வேண்டும். கறுப்புத் தரை வெறுங்காலில் சில்லென்றிருக்கிறது. பூமுகத்து (முகப்பு மண்டபம்) கூரையில் 90 விதப் பூ என்று எல்லோரும் கழுத்து வலிக்க எண்ணுகிறார்கள். எனக்கென்னவோ சாய்த்து வைத்த மரச்சட்ட அழிதான் பெரிய வேலை: காற்று உள்ளே, சாரல் வெளியே.

ஐப்பசி 6
பேப்பரில் கசகசா. சவம்.

ஐப்பசி 8
முதலில் முட்டு. இரண்டு ஜாக்கி, தலையில் பலகை. பாரத்தை ஏந்தினால் போதும்; தூக்கினால் மச்சுப் பலகை பிளக்கும். சிமெண்டைச் சிற்றுளியால்தான் கொத்தணும், மிஷின் வைத்தால் வீடே அதிரும். கெட்டதை அறுத்தபின் நல்ல மரத்தில் சாய்வெட்டு, நீளம் உத்திரத்தின் உயரத்துக்கு மூன்று மடங்கு: 8 அங்குலத்துக்கு 24. ஒட்டுவதும் அயினியே, வைரம் மட்டும், ஈரம் 15-க்குக் கீழே. பச்சை மரம் சுருங்கி இணைப்பு வாயைப் பிளக்கும். சுவர்க்குழியில் சுற்றிலும் ஒரு விரற்கடை சந்து. “அடைச்சு வச்சா அவிஞ்சு போவும்லா அண்ணாச்சி” என்கிறார் ஆசாரி.

ஐப்பசி 9
வார்னிஷ் அடிக்கலாமா என்று மறுபடியும் கேள்வி. கூடாது. இதே பேச்சு மூன்றாம் தடவை. ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக இரண்டு கை, நடுவே நன்றாகக் காய விடணும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடணும். துளைகளில் வெங்காரமும் போரிக் ஆசிட்டும் கரைத்து ஊசியால் ஏற்றியாயிற்று. மழை படுகிற மரத்துக்கு இது உதவாது, கரைந்து ஓடிவிடும்.

ஐப்பசி 11
பேப்பர் சுத்தம்.

ஐப்பசி 12
சுத்தம்.

ஐப்பசி 13
தார்சா (திண்ணைத் தாழ்வாரம்), வடக்குத் தூணடி. கசகசா மாதிரி ஆறேழு மணி.