கழுத்தில் ஒரு கோடு

"ஏன்டா, இவளுக்கு மூஞ்சி ஒரு கலரு, கழுத்து ஒரு கலரா இருக்கே?"

அம்மா சோபா நுனிக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

பழைய பெட்டி போய் நேற்றுதான் பெரிய டிவி வந்தது. கூடவே படம் துல்லியமாகத் தெரியும் ஹெச்.டி. சேனல்கள் பேக். அம்மா தினமும் பார்க்கும் சீரியலின் அதே மாமியார்தான். தாடைக்குக் கீழே மேக்கப் முடிகிற இடம் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. பின்னால் இருக்கும் பூஜையறைத் தூண் தேக்கே இல்லை. பிளைவுட்டில் ஒட்டிய தாள், ஓரத்தில் லேசாக உரிந்திருக்கிறது.

சாதா ஒளிபரப்பில் படம் 720க்கு 576 புள்ளிகள். ஹெச்.டி.யில் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு.

இத்தனை நாளாக மேக்கப்மேன் வேலையில் பாதியை அந்த மங்கல்தான் பார்த்திருக்கிறது!

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியைத் தூர்தர்ஷன் ஹெச்.டி.யில் காட்டியபோது, இது விளையாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். புல் தெரியும், வியர்வை தெரியும், அவ்வளவுதானே?

இப்போதுதான் உறைக்கிறது. கேமரா மாறினால் லைட் மாறணும், பவுடர் மாறணும், தூணை நிஜமாகவே இழைக்கணும். திரை 4:3இலிருந்து 16:9க்கு அகலமானதால், ஓரத்தில் சும்மா நின்றவர்களும் நடித்தாக வேண்டும். தினம் ஒரு எபிசோடு ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் நேரம், காசு. (நம்மிடம் ஹெச்.டி.க்குத் தனியாக வாங்குகிற காசு வேறு கதை.)

"பழைய மாதிரி வைக்க முடியாதா?" என்றாள். சரி என்று சாதா சேனலுக்கு மாற்றினேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"வேணாம்டா, திருப்பிப் போடு. அந்தக் கோட்டை இன்னொரு தடவை பாக்கணும்."