பாதையில் ஏறிப் போகும் ஊழியம்

போன மாதம் சுவிசேஷ ஊழியத்துக்குப் போகும் வழியில் குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நின்றோம். வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், இருக்கிற மண்டூருக்குப் போகும் மிதவை. கூட வந்த தம்பி அப்போதுதான் கேட்டார், "அண்ணன், இத்தனை வருசமா படுவான்கரைக்குப் போறீங்களே, எத்தனை பேர் சபைக்கு வந்திருக்காங்க?"

அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி, கணக்குத்தான் ஊழியம் என்றால் வில்லியம் ஓல்ட் தோற்றுப்போனவர். 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமார் கூட்டத்தில் ஒருவர் அவர். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தார், கூட்டத்தை நடத்தி வந்த தோமஸ் கோக்கும் இலங்கைக் கரையைக் காணாமலேயே 1814 மே 3ஆம் திகதி கடலில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் ஓல்ட் திரும்பிப் போகவில்லை, தனியாக மட்டக்களப்புக்கு வந்தார், தமிழ் படித்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். எல்லாம் சேர்த்து எட்டு மாதத்துக்குச் சற்றுக் கூட. அந்த எட்டு மாதத்தில் அவர் என்ன அறிக்கை எழுதி அனுப்பியிருக்க முடியும்? ஆனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் தன் தொடக்கத்தை அவரிடமிருந்துதான் எண்ணுகிறது, அங்கே படித்தவர்களில் எத்தனை சைவப் பிள்ளைகள்!

எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்று அறுவடையைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன். முகாமில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருந்த தாயிடம் உலருணவுப் பொதியையும் சுவிசேஷக் கைப்பிரதியையும் சேர்த்து நீட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு குழு அது. அந்தத் தாய் தலையாட்டினார், வேறு என்ன செய்வார்? பசிக்கிறவனிடம் விலை பேசுவது சுவிசேஷம் இல்லை. "அரிசிக்கு மதம் மாத்துறவங்க" என்று சனம் எங்களைப் பார்த்துச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, வலிக்கிறது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அதற்காக இயேசுவைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் என்னால் முடியாது. எல்லா ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்று இயேசு சொன்ன மத்தேயு 28:19 எனக்கு ஆலோசனை இல்லை, கட்டளை. கேட்கிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், என் குடியை விடவைத்தவர் அவர்தான் என்று சாட்சி சொல்கிறேன். கேட்க விருப்பமில்லை என்றால், சரி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வயல் கதை பேசி எழும்பி வருகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் சபையில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவரின் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகள் செத்துப்போன பிறகு, சில வாரங்கள் எனக்கு ஜெபமே வரவில்லை. முஸ்லிம் அயலவர்களைப் பற்றிக் கசப்பாகப் பேசுவது அந்த நாட்களில் எவ்வளவு லேசாக இருந்தது! அந்தக் கசப்போடு மேடையேறி அன்பைப் பிரசங்கிக்க முடியாது என்று கர்த்தர் என்னை நிறுத்தினார். அழைப்பு என்பது போவது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மண்டூர்ப் பக்கம் ஒரு ஆச்சி இருக்கிறார். முருகன் கோயில் திருவிழாவை ஒருநாளும் விடமாட்டார். மகன் கட்டாரில். ஐந்து வருடமாக நாங்கள் போகும்போதெல்லாம், "மகன், அவனுக்காக உங்கட சாமிக்கிட்ட ஒருக்காச் சொல்லுங்க" என்பார், நாங்களும் முற்றத்திலேயே நின்று ஜெபிப்போம். சபைக்கு வந்ததில்லை. தம்பியின் கணக்கில் ஆச்சி பூச்சியம். ஆனால் அந்த முற்றத்துக்குத்தான் ஆண்டவர் என்னை அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வருகிற சனிக்கிழமையும் போகிறோம். காற்றுக்கு ஆச்சி வீட்டுக் கூரைத் தகரம் இரண்டு கிளம்பிவிட்டதாம். தம்பியிடம் ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.