எத்தனையாவது ஸ்டேஜ்?

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும், மேலூரில் எங்கள் தெருவே கேட்ட கேள்வி இதுதான். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கேட்டவர்கள் குறைவு. பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று இருந்ததைப் பார்த்த அத்தான், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன்பே மூன்றாம் ஸ்டேஜ் என்று முடிவுகட்டி ஊருக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மாதான் அவரை உட்காரவைத்து விளக்கினார். செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பது கிரேடு. நோய் எதுவரை போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். கிரேடு 3 உள்ளவர் முதல் ஸ்டேஜிலும் இருக்கலாம்.

ஸ்டேஜுக்கு டி, என், எம் என்று மூன்று கணக்கு. டி, கட்டியின் அளவு: 2 செ.மீ. வரை டி1, அதற்கு மேல் 5 வரை டி2, அதையும் தாண்டினால் டி3. தோலில் புண்ணாக வெடித்தாலோ நெஞ்சுச் சுவரைப் பிடித்தாலோ அளவு எதுவானாலும் டி4. என் என்பது அக்குள் நெறிகள், அதாவது நிணநீர்க் கணுக்கள்; நோய் அங்கே போயிருக்கிறதா என்ற கணக்கு. எம் என்பது எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தூரத்து உறுப்புகள். அங்கே போயிருந்தால் நேராக நான்காம் ஸ்டேஜ். அக்காவுக்குக் கட்டி 3 செ.மீ., நெறி எதுவும் தட்டுப்படவில்லை. ஆகவே 2ஏ. நோய் உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று தேடும் பெட் ஸ்கேனை உடனே எடுத்தால் என்ன என்று உறவினர்கள் நச்சரித்தார்கள். வேறு தொந்தரவு எதுவும் இல்லாதபோது இந்த நிலையில் அது தேவையில்லை என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த ரிப்போர்ட்டில் 2பி! அதற்குள் பரவிவிட்டதா என்று அம்மா பதறினார். அப்படியில்லை. முதலில் சொன்னது கையாலும் ஸ்கேனாலும் கணித்தது. எடுத்த நெறிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டில் நோய் இருந்தது. ஸ்கேனுக்குச் சிக்காத அளவு சிறியது, அவ்வளவுதான்.

கட்டியின் செல்களில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள்; பாசிட்டிவ். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் மட்டும் '2+' என்று இரண்டுங்கெட்டானாக வந்ததால், அதன் மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கடைசியில் நெகட்டிவ். ஸ்டேஜ் விதிகளை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின், 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பில் கிரேடு, ஹார்மோன், ஹெர்2 மூன்றும் ஸ்டேஜ் கணக்கில் சேர்கின்றன. அதனால் ஒரே அளவு கட்டி உள்ள இருவருக்கு ஸ்டேஜ் வேறாகலாம்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு பயாப்சி ஸ்லைடுகளையும் சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.