வளவு கிடைத்தது, அறைகள் கிடைக்கவில்லை

‘கோஹவுசிங்’ எனப்படும் கூட்டு வசிப்பிடம் பற்றிப் பேசக் காரைக்குடியில் கூடிய ஒரு மாநாட்டுக்குப் பயணமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. வரவிருந்தவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். நண்பர்களாகச் சேர்ந்து நிலம் வாங்கி, ஆளுக்கொரு சிறு வீடும் எல்லோருக்கும் பொதுவான சமையற்கூடமும் கட்டிக்கொள்ள எண்ணியவர்கள். டென்மார்க்கில் 1972இல் குடியேறிய சேட்டடாமன் இந்த முறையின் முதல் குடியிருப்பாகக் கருதப்படுகிறது.

அமைப்பாளர்கள் முதலில் கேட்டது ஆவணி மாதம். ஆவணி, தை, வைகாசி போன்ற முகூர்த்த மாதங்களில் இங்கே லாட்ஜ் அறை, வேன், சமையல்காரர் மூன்றும் கல்யாண வீட்டாருக்கே போய்விடும் என்பதால் நான் ஆடியைச் சொன்னேன். நல்ல காரியத்துக்கு ஆடியா என்று சிலர் தயங்கினாலும், வாடகையைக் கேட்டதும் சம்மதித்தார்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இரவு ரயிலை விட்டுவிட்டுப் பல்லவன் எக்ஸ்பிரஸையே எடுத்தேன். உட்கார்ந்து வரும் வண்டி என்பதால் மேல் படுக்கைக்கு ஏறும் சங்கடம் இல்லை. அது இரவில் வந்து சேர்ந்து, விடியற்காலையில் திரும்பிப் புறப்படும் வண்டி. ஆகவே முதல் நாள் சாப்பாட்டைப் பிந்தியும் கடைசி நாள் பலகாரத்தைப் பொட்டலமாகவும் திட்டமிட வேண்டியிருந்தது.

தங்குமிடம்தான் உண்மையான வேலை. கூடி வாழ்வதைப் பேச வருபவர்களை சுற்றிலும் அறைகள் கொண்ட நடுமுற்றப் பகுதியான ‘வளவு’ உள்ள பழைய செட்டிநாட்டு வீட்டிலேயே தங்க வைக்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் விரும்பினார்கள். அந்த விருப்பத்தில் நியாயம் இருந்தது. மணமான மகனை அதே வீட்டுக்குள் ‘வேறு வைத்து’, தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுத்து, அந்தக் குடும்பத்தைத் தனிப் புள்ளியாக எண்ணுவது செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் பூட்டக்கூடிய அறை உண்டு; முற்றமும், உட்கார்ந்து பேசும் இடமான பட்டாலையும் எல்லோருக்கும் பொது. வரைபடத்தை மட்டும் பார்த்தால், வந்தவர்கள் கட்ட நினைப்பதும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் அந்த வீட்டில் ஆள் தங்குவதற்கு வரைபடம் போதாது. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. வளவைத் தர அனைவரும் இசைந்தார்கள். தத்தம் அறையைத் திறந்துவிடப் பாதிப் பேர் இசையவில்லை. உள்ளே பாட்டியின் சீர்ச் சாமான்கள் இருந்தன. பொது இடத்தை மனமாரக் கொடுத்துவிட்டுத் தனியிடத்தை இறுகப் பூட்டிக்கொள்ளும் இந்த இயல்பைத்தான் மாநாட்டின் முதல் தலைப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டைப் பராமரிக்கும் ஆச்சி இன்னொன்றையும் கேட்டார்: “ரெண்டே குளியலறை, அதுவும் பின்கட்டுல. ராத்திரி முழங்கால் வலியோட யாரு அம்புட்டுத் தூரம் நடப்பாக?”

ஆகவே ஆட்களைப் பிரித்தேன். நிலைப்படியும் உயரமான திண்ணையும் தடையாகாதவர்களில் சிலர் திறந்து கிடைத்த அறைகளில் தங்கினார்கள். ஏனையோருக்கு லிப்டும் இணைப்புக் குளியலறையும் உள்ள லாட்ஜ். பதிவுப் படிவத்தில் ஏசி வேண்டுமா என்பதோடு, படி ஏற முடியுமா, இரவில் எழுந்து போக வேண்டியிருக்குமா, இன்னொருவருடன் அறையைப் பகிரச் சம்மதமா என்றும் கேட்டிருந்தேன். கூடி வாழ ஆசைப்பட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி அறையே கேட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. அவர்கள் தேடுவது கதவை மூடிக்கொள்ளும் உரிமையோடு கூடிய கூட்டத்தைத்தான்.

அந்தக் கூட்டம் லாட்ஜில் கூடவில்லை. அங்கே வராந்தாவில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அறைக் கதவு மூடினால் மூடியதுதான். எல்லா வேளைச் சாப்பாட்டையும் வளவு வீட்டிலேயே வைத்ததால்தான் பேச்சு நடந்தது. இரண்டாம் இரவு, பணியாரம் தீர்ந்த பிறகும் பட்டாலையை விட்டு யாரும் எழவில்லை. லாட்ஜில் இருந்த சிலர் தாங்களும் பாய் போட்டு இங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். குளியலறைக் கணக்கைக் காட்டி இருவரை மட்டும் அனுமதித்தேன். மற்றவர்கள் என்மேல் வருத்தத்தோடுதான் வேனில் ஏறினார்கள்.